மூடிக்குள் நின்ற கவிச்சி

குருசுக்குப்பத்துச் சந்திரகலாவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து மீன்தான் பிழைப்பு. கணவன் முத்துவேல் கடலுக்குப் போவான். அவள் கூடையோடு தெருத்தெருவாகப் போவாள். மிஞ்சும் இறாலை ஊறுகாய் போட்டுப் பாட்டிலில் அடைத்து விற்பதும் உண்டு. முத்துவேலுக்குத் தொண்டையில் புற்றுக்கட்டி வந்து, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகுதான், அந்த வீட்டில் மீன் வாடை ஒரு பிரச்சினையாயிற்று.

மருந்து ஏறினால் அவனுக்கு எந்த வாசனையும் ஆகாது. கஞ்சி மட்டும்தான் இறங்கும். தூக்குவாளியில் கொண்டுபோனால் பஸ் நெரிசலில் பாதி சிந்திவிடுகிறதே என்று, காலியான ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, கஞ்சியை ஊற்றி, மூடியை இறுகத் திருகி எடுத்துப் போனாள். திறந்ததுமே முத்துவேல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இறா கவிச்சி அடிக்குது. எடுத்துனு போ."

"நல்லா கழுவிதான்யா எடுத்தாந்தேன். ஒரு வாய் குடி."

அவன் வாயைத் திறக்கவில்லை. உடம்பு ஏற்கெனவே பாதியாகியிருந்தது.

வீடு திரும்பிய சந்திரகலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தாள். வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து ஊற வைத்தாள். வெயிலில் கவிழ்த்துவிட்டு உட்காரப் போனவள், உடனே எழுந்து வந்து முகர்ந்து பார்த்தாள். ஒரு தரம் வாடை போய்விட்ட மாதிரி இருந்தது. மறு தரம் இருந்தது. பிறகு தன் கையை முகர்ந்தாள். முந்தானையை முகர்ந்தாள். தன்மேல்தான் வீசுகிறதோ என்று தோன்றியது. மீன் விற்று வந்தவளை ஒரு நாளும் தள்ளி உட்காரச் சொல்லாத மனுஷன் அவன். மறுநாளிலிருந்து அவள் கூடையைத் தொடவில்லை.

அப்படியும் ஆஸ்பத்திரியில் அவன் கஞ்சியைக் குடிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் மாமனாருக்குத் துணையாக இருந்த துர்கா, வானூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண், பாட்டிலை வாங்கிப் பார்த்தாள்.

"பாட்டில்ல ஒண்ணும் இல்லக்கா. மூடிய மோந்து பாரு. உள்ளாற ரப்பர் மாதிரி வட்டமா இருக்குதில்ல, அதுல எண்ண ஊறிப்போயிருக்கு."

சந்திரகலா முகர்ந்தாள். குப்பென்று அடித்தது. ஆத்திரமும் வந்தது, ஆறுதலும் வந்தது.

வீட்டுக்கு வந்து ஊக்கால் அந்த வட்டத்தை நெம்பினாள். அடியில் மிளகாய் எண்ணெய் சிவப்பாகத் தேங்கி நின்றது. வட்டத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, வெறும் மூடியைச் சோடா உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் காயப்போட்டாள். வட்டம் இல்லாமல் கஞ்சி ஒழுகுமே. அதனால் மறுநாள் பாட்டில் வாயில் வாட்டிய வாழையிலையை மடித்து வைத்து, அதன்மேல் மூடியைத் திருகினாள். வழியெல்லாம் பாட்டிலின் அடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இலேசாகத்தான் கசிந்திருந்தது.

முத்துவேல் முகர்ந்தான். அவன் மெல்ல மெல்லக் குடித்தான்.

"மீன் வாடையே இல்லாம, துணி விக்கப் போறவ மாதிரி வர்ற. கூடை எடுக்கிறதில்லையா?"

"வாட ஒனக்கு ஆவலயேன்னுதான்."

"பாட்டிலத்தானே சொன்னேன். ஒன்னயா சொன்னேன்?"

அவள் பாட்டிலைக் கழுவ எழுந்து போனாள். கழுவ வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் குழாயடியிலேயே நின்றாள்.

மருந்தெல்லாம் முடிந்து முத்துவேல் இப்போது வீட்டில் இருக்கிறான். அவள் திரும்பவும் மீன் விற்கிறாள். கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க அவனைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் நாள் நெருங்கினால் மட்டும், அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.