முன்வரிசையில் அழுத அக்கா

ஆஸ்டின் டவுனில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. அதே இரட்டை மூக்குத்தி!

சின்ன வயதில் நான் டிவி லைவ் ஷோவில் பாடியபோது, முன்வரிசையில் தேம்பித் தேம்பி அழுதவர். எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் அந்த ஷோவின் வீடியோவிலிருந்து தப்பியதில்லை.

"அக்கா, டிவி ஷோல நீங்க அழுத பாட்ட நான்தான் பாடினேன்!"

"அந்த ஸ்டுடியோலயா? அத இடிச்சுக் கல்யாண மண்டபம் கட்டிட்டாங்களே. என்ன பாட்டும்மா?"

சொன்னேன்.

"நான் கேக்கவே இல்லியே. சிரிப்பு, அழுகை, கைதட்டு எல்லாம் காலையிலயே எடுத்துருவாங்க. நீ பாடறப்ப நாங்க வெளிய பிரியாணி சாப்ட்டுட்டு இருந்திருப்போம்."

"அது லைவ் ஷோக்கா!"

"பாடறவங்க மட்டும்தான் லைவ்மா."



அந்த வீடியோவைப் பார்த்துக் கண்கலங்கியதாகச் சொன்ன சொந்தக்காரர்களே, நீங்களாவது லைவா?