தலை முன்னால் போகும் சொல்

எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் ஆங்கிலம் எதுவானாலும் என் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுப்பவள். என் வீட்டுக்காரர் தமிழ் மீடியத்தில் படித்து, ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் மேனேஜர் வரை வந்தவர். கல்யாணமான புதிதில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் எழுதுவார், நான் திருத்துவேன், அனுப்பும் பொத்தானையும் நானே அழுத்துவேன். தப்பு என்று யாராவது சொன்னால் பழி எனக்கு. இதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்து, "பாரும்மா" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார். அவராக டீ போடப் போனால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

ராஜினாமா மெயில். வேலையை விட்டுவிட்டுப் பொம்மனஹள்ளியில் சைக்கிள் ரிப்பேர் கடை வைக்கப் போகிறார். இந்தப் பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது. ஆஸ்டின் டவுனில் எங்கள் ஹால் ஏற்கெனவே பாதி கடைதான். காலையில் கேட்டுக்கு வெளியே நின்று "ரெடி ஆய்தா சார்?" என்று, சைக்கிள் தயாராகிவிட்டதா என்று, யாராவது கன்னடத்தில் கேட்பார்கள். லேப்டாப்பில் சில எழுத்துகள் கிரீஸ் படிந்து தெரிவதேயில்லை. பேச்சோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். மகள் இன்னும் காலேஜ் முடிக்கவில்லை. என் சம்பளத்தில் குடும்பம் ஓடும், ஆனால் நொண்டிக்கொண்டு ஓடும்.

மெயிலில், புதிய வாழ்க்கையின் 'பிரெசிபிஸ்' மேல் நிற்பதாக எழுதியிருந்தார். அவர் ஆபீஸில் பெரிய தலைகள் மீட்டிங்குக்கு மீட்டிங் இந்தச் சொல்லை வாசற்படி என்கிற அர்த்தத்தில் சொல்வார்களாம். கம்பெனி வளர்ச்சியின் பிரெசிபிஸில் நிற்கிறது என்பார்களாம். எல்லாரும் கை தட்டுவார்களாம்.

"இது வாசல் இல்லைங்க. செங்குத்துப் பாறையோட விளிம்பு. அடுத்த அடி வெச்சா பள்ளம்" என்றேன், டீயை வாங்கிக்கொண்டே.

அவர் தன் டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் விடுவேனா, தடி அகராதியை எடுத்துப் பிரித்தேன். லத்தீனில் 'முன்னால்' என்பதும் 'தலை' என்பதும் சேர்ந்து பிறந்த சொல். தலை முன்னால் போக விழுவது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் விழுவதையே குறித்தது, பிறகுதான் விழும் இடத்துக்குப் பெயரானது. வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். சொல்லின் பூர்வீகத்தைக் காட்டிப் புருஷனை வேலையில் உட்கார வைக்கப் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"கெமிஸ்ட்ரியில பிரெசிப்பிடேட்னு வருமே, அதுவும் இதோட சொந்தக்காரன்தானா?"

"ஆமா. அதுவும் தலைகுப்புற விழுறதுதான்."

"நாங்க வீழ்படிவுன்னு படிச்சோம். எல்லாம் விழுந்து அடியில படிஞ்சிடும். மேல தண்ணி தெளிஞ்சிடும்." டீயை ஊதிக் குடித்தார். "அந்த வார்த்தை இருக்கட்டும்மா. தெரிஞ்சுதான் நிக்கறேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. டெஸ்ட் டியூபில் விழுவதற்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது என்றேன். கிடையாது என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

"உனக்குப் பயமா இருந்தா அழுத்தாத. நாளைக்கு எப்பவும் போல ஆபீஸ் போறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

கோவித்துக்கொள்ளவும் மாட்டார். அதுதான் தொல்லை. ரிட்டயர் ஆகும்வரை வாயைத் திறக்காமல் போய் வருவார், எனக்கு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பாடு போட வேண்டியிருக்கும்.

எங்கள் ஏற்பாட்டில் இப்படி ஒரு சங்கடம் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. விளிம்பில் நிற்பது அவர். அவர் முதுகில் கை வைத்திருப்பது நான். இன்னொரு முறை படித்தேன். ஒரு கமா விட்டுப்போயிருந்தது, போட்டேன். பிரெசிபிஸைத் தொடவில்லை. அழுத்தினேன்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் கிரீஸ். வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். விழப்போகிறவர் பிடிப்பதுபோல அத்தனை இறுக்கமாகப் பிடித்திருந்தார். பயம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.