துறைமுகத்தில் ஒரு காய்கறி சூப்

டெக்சாஸில், சுகர் லேண்டில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு என்னோடு ஹோட்டலுக்குப் போவதென்றால் கொஞ்சம் பயம். சாம்பார் ஆறியிருந்தால் திருப்பி அனுப்புவேன். சட்னியில் உப்பு கூடியிருந்தால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்வேன். என் மனைவி மெனு கார்டால் முகத்தை மறைத்துக்கொள்வாள். மகள் இன்னும் உஷார். "அப்பா, ப்ளீஸ், நாட் டுடே" என்று காரிலேயே வாக்கு வாங்கிவிடுவாள். அப்படிப்பட்ட நான், பிரான்ஸில் ஒரு சின்னத் துறைமுக ஊரில், உப்புப் போட மறந்த ஒரு சமையல்காரருக்கு இன்றுவரை மனதார நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் ஆனது, அப்புறம் வாரக்கணக்கில் ரேடியேஷன். ஹூஸ்டன் ஃப்ரீவேயில் தினமும் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். நோய் போய்விட்டது. போகிறபோது நாக்கின் ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சூடு தெரியும், குளிர்ச்சி தெரியும். மற்றபடி பாயசமும் ஒன்றுதான், பசை மாவும் ஒன்றுதான் என்றாள். நிறையப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடும், சிலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தோம். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சுவாமிக்குக் காட்டுகிற வரை சமையலை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதனால் அவளுக்கு உப்பு எல்லாம் கை அளவுதான். சாப்பிட உட்காரும்போதுதான் கூடவா குறைச்சலா என்று தெரியும். கூடியிருந்தால், "நாளைக்குக் கம்மி பண்ணிடறேன்" என்பாள். மறுநாள் கை தானாகத் திருந்திவிடும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ருசி போன பிறகு, சாப்பிடும்போதும் அவளுக்குத் தெரியவில்லை. என்னைத்தான் கேட்டாள். முதல் நாள் ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. தலைமுடி கொட்டாமல் தப்பித்தாலும் பாதியாக இளைத்து, கழுத்தில் ஸ்கார்ஃபோடு எதிரில் நின்றாள். "கரெக்ட்டா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

புத்தி கெட்ட வேலை. நான் சரி என்று சொன்னதை அவள் கை சரியென்றே எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் இன்னும் ஒரு சிட்டிகை. நானும் கரெக்ட் என்றேன். மூன்றாவது மாதம் வத்தக்குழம்பு கடல் தண்ணீராக இருந்தது. டம்ளர் டம்ளராக மோர் குடித்துச் சமாளித்தேன். அவ்வளவு நாள் திருந்தியே பழகிய கையை என் பொய் கெடுத்துக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஹோட்டலில் புலியாக இருந்தவன் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம் வேறு.

அவள் ருசியைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்த அந்த நேரத்தில்தான் கம்பெனியில் என்னை இரண்டு வாரம் அந்தத் துறைமுக ஊருக்கு அனுப்பினார்கள். அவளையும் கூப்பிட்டேன். பிரான்ஸுக்கு வந்து நான் என்ன சாப்பிடப் போகிறேன் என்றாள். மகள்தான் ஃபோனில் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தாள். பெட்டியில் குட்டி ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் ஏறின.

முதல் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கே எங்களுக்குப் பசித்துவிட்டது. படகுகள் கட்டியிருந்த கரையோரம் ஒரு மீன் ரெஸ்டாரன்ட். வாசலில் நாற்காலி போட்டிருந்தது, கரும்பலகையில் மெனு எழுதியிருந்தது, கதவும் திறந்திருந்தது. உள்ளே போனால், வெள்ளை மீசை வைத்த வெயிட்டர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். கைக்கடிகாரத்தைக் காட்டி, ஏழரை என்றார். ஏழரைக்கு டெக்சாஸில் நாங்கள் பாத்திரமே கழுவி முடித்திருப்போம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கரைச் சுவரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். ஏழரைக்குத் திரும்பிப் போனால், அதே மனிதர் எதுவும் நடக்காத மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஜன்னலோர மேஜை. பிறகு தினமும் அங்கேதான் போனோம்.

நான் வெளியில் போனால் மீன் சாப்பிடுவேன், அவள் முட்டைகூடச் சாப்பிட மாட்டாள். அந்த ஊரிலோ சாலடில்கூட மீன். வெயிட்டருக்கு அரைகுறை இங்கிலீஷ், எனக்கு ஒரு சொல் பிரெஞ்சு வராது. எப்படியோ புரிய வைத்தோம். அவளுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், ரொட்டி, வெண்ணெய் என்று வந்தது. ஒவ்வொரு தட்டு வந்ததும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "சொல்லுங்க" என்பாள். நான் அவள் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது என்றால் விட மாட்டாள், எப்படி நன்றாக இருக்கிறது என்பாள். இந்தச் சீஸ் ரெண்டு நாள் புளித்த தயிர் மாதிரி, இந்தப் பழப் பணியாரத்தில் புளிப்பு முதலில், இனிப்பு அப்புறம் என்று தடவித் தடவிச் சொல்வேன். வாழ்நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்கவே சாப்பிட்டவன், அந்த மேஜையில்தான் நிதானமாக மென்று சாப்பிடக் கற்றுக்கொண்டேன். அதற்கும் அவளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நாங்கள் செய்வதை அந்த வெயிட்டர் கவனித்திருக்கிறார். மூன்றாம் நாளிலிருந்து, கேட்காமலே அவள் தட்டுக்குப் பக்கத்தில் எனக்கென்று இன்னொரு கரண்டி வைத்தார். அவளுக்கு வாய் வறண்டுகொண்டே இருக்கும். தண்ணீர் ஜாடி காலியாவதற்கு முன்னால் வந்து நிரப்பினார். ஒரு நாளும் எங்களைப் பார்த்துச் சிரித்தவர் இல்லை. நல்ல மனிதர்.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருந்தபோது, சமையல்காரர் அவளுக்காகத் தனியாகக் காய்கறி சூப் வைக்கிறார், மீன் எதுவும் படாது என்று வந்து சொன்னார். கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. சூப் வந்தது. எனக்கு முழு மீன் ஒன்று வந்திருந்தது. நான் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். சொல்லுங்க என்று அவள் கேட்பதற்கு முன்பே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன். "நல்லா இருக்கு. காரட் வாசனை தூக்கலா இருக்கு. உப்பெல்லாம் கரெக்ட்டா இருக்கு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க இன்னும் வாயிலயே வைக்கல" என்றாள்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டு முழித்தேன். அவள் மறுபடி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"உப்பே இல்லைங்க."

என் கரண்டியால் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். சுத்தமாக இல்லை. அவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்பது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"தெரியுதுங்க. காரட்டோட இனிப்பு தெரியுது. உப்பு இல்லாததும் தெரியுது."

நாப்கினால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அடக்க முடியவில்லை. எனக்குத் தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது என்று நினைத்து வெயிட்டர் ரொட்டிக் கூடையோடு ஓடி வந்தார். ஒரு பெரிய துண்டை என் கையில் திணித்து, விழுங்கு விழுங்கு என்று சைகை காட்டினார். விழுங்கினேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்புறம் அவளே சூப்பைக் காட்டி, உப்பில்லை என்று விளக்கினாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. சூப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அதைச் சூடாக்கிக் கொண்டுவந்தார், ஒரு கிண்ணத்தில் சாம்பல் நிறக் கல்லுப்போடு. சமையல்காரர் எப்போதும் மீன் வேகவைத்த சாறில்தான் சூப் செய்வாராம், அந்தச் சாறிலேயே உப்பு இருக்குமாம். அவளுக்காக வெறும் தண்ணீரில் வைத்தபோது தனியாக உப்புப் போட மறந்துவிட்டாராம். மேடம் சொன்னதுதான் சரி, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? உள்ளே போய் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வெயிட்டரிடம் தேங்க்யூ தேங்க்யூ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ வீட்ல?"

இனி மறைத்து என்ன பயன்? முதல் நாள் ரசத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மோர் குடித்துச் சமாளித்ததையும் சொன்னேன். பரிதாபப்படுவாள் என்று பார்த்தால், கோபம்தான் வந்தது. "கோயிலுக்கும் அந்தக் கையாலதானே புளியோதரை பண்ணி எடுத்துட்டுப் போனேன்? ஒருத்தர்கூடச் சொல்லலையே" என்றாள். உண்மைதான். சுகர் லேண்ட் பிள்ளைகள் எல்லாரும் தண்ணீர் பாட்டிலோடு வரிசையில் நின்று, சூப்பர் ஆன்ட்டி என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். அவர்களையும் நான் கும்பிட வேண்டும்.

அவள் உப்புக் கிண்ணத்தில் கையை விட்டு எடுத்தாள். மூன்று விரலால், வாயில் வைத்துப் பார்க்காமல், வீட்டில் போடுகிற மாதிரியே சூப்பில் போட்டுக் கலக்கினாள். சூப்பை என் பக்கம் தள்ளினாள்.

"இப்போ சொல்லுங்க."

குடித்தேன். ஏகத்துக்குக் கரித்தது. நான் கெடுத்து வைத்த கை அல்லவா? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரெக்ட்டா இருக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது.

"கூட" என்றேன்.

அவளும் ஒரு வாய் எடுத்துக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு மறுபடி உப்பைக் கிள்ளி எடுத்து, அதில் பாதியை உப்புக் கிண்ணத்திலேயே உதிர்த்துவிட்டு, விரல் நுனியில் மிச்சம் இருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நாளைக்குக் கம்மி பண்ணிடறேன்" என்றாள்.