இதுவா, அதுவா?

இருட்டை வைத்துப் பிழைக்கிறவள் என்று கண்ணாடியம்மா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் விளக்கை அணைத்து, ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கின் மேல் மாட்டி, ஒரு வில்லையைப் புரட்டிப் புரட்டிக் கேட்பதுதான் அவள் வேலை. "இது தெளிவா, அது தெளிவா?" நாள் முழுக்க இதே பாட்டு. வீட்டில் யாராவது டீயா காபியா என்று கேட்டால்கூட அவளுக்குச் சுள்ளென்று வரும்.

அந்தக் கேள்வியில் ஒரு சூட்சுமம் உண்டு. பவர் சரியாக வந்து நிற்கிற இடத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஆள் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது, விளக்கைப் போடலாம். ஆனால் எத்தனை பேர் சொல்கிறார்கள்? ஃபெயிலாகிவிடுவோமோ என்று பயந்து வாய்க்கு வந்ததை அடித்துவிடுவார்கள். அதிலும் அவளுடைய அக்கா இருக்கிறாளே, அப்பப்பா! பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் ரேங்க். கேள்வி முடியுமுன்னே "ரெண்டாவது!" என்பாள். அதன்படி செய்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைவலி என்று திரும்பி வருவாள். மாற்றிக் கொடுத்தால் அதிலும் தலைவலி.

கண்ணாடியம்மாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. முன்பு ஒரு பாட்டு வாத்தியாரோடு குடித்தனம் நடத்தினாள். தங்கமான மனுஷன். முகம் சுளிக்காமல் பிரிந்தார்கள், இன்றும் அவர் கண்ணாடிக்கு இங்கேதான் வருவார். இப்போது அவளோடு இருப்பவள் ஒரு பஸ் டிரைவர். டிரைவர் சிரித்தால் கடைசி சீட்டு வரை கேட்கும். வேலைக்குப் போக அந்த பஸ்ஸில் ஏறி ஏறித்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவள் என்றால் கண்ணாடியம்மாவுக்கு உயிர். அதை மறைத்ததும் கிடையாது. கடைத்தெருவில் கை கோத்துக்கொண்டுதான் இருவரும் நடப்பார்கள்.

மற்றவர்களுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கடையில் பில் போடும் பெண், நல்ல மனசோடுதான், இப்படிக் காதலிக்கிறவர்களுக்கு என்ன பெயர் என்று போனில் பார்த்து அவ்வப்போது ஒரு புது வார்த்தை கொண்டுவருவாள்.

"அக்கா, இது உங்களுக்குப் பொருந்துதா பாருங்க."

"உனக்குப் பொருந்தினா சந்தோஷமா வெச்சுக்கோ கண்ணு. எனக்கு வேண்டாம்."

அந்த வார்த்தைகள்மேல் அவளுக்குப் பகை ஒன்றுமில்லை. டிரைவர் தனக்கென்று அப்படி ஒரு வார்த்தையை வைத்திருக்கிறாள், பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். கண்ணாடியம்மாவுக்கோ, எதைச் சொல்லிப் பார்த்தாலும் வாத்தியாரோடு இருந்த வருஷங்கள் பொய்யாகிற மாதிரி இருந்தது. இல்லாவிட்டால் நாளைக்கும் இப்படித்தான் இருப்பேன் என்று கையெழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. ஒன்றுமே வேண்டாம் என்று விட்டாள். அப்பாடா என்று இருந்தது.

அக்காவிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. அக்காவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் விருந்து, அத்தானின் சொந்தபந்தம் எல்லாம் வருகிறது. போனில் கறாராகப் பேசினாள்.

"டிரைவரைக் கூட்டிட்டு வா, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்ல? அன்னைக்கு வாத்தியார், இன்னைக்கு இவ. நீ இதுவா, அதுவா? ஒரு வார்த்தை சொல்லு குட்டி, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"அப்படி ஒரு வார்த்தையும் இல்லக்கா. எனக்கு அவளப் பிடிக்கும்னு சொல்லு."

"அது ஒரு பதிலா? அப்ப வர வேண்டாம். ரெண்டு பேருமே வர வேண்டாம்."

அம்மா போனபின் அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் இந்த அக்காதான். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியம்மா தேம்பித் தேம்பி அழுதாள். டிரைவருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலையேன். என்னால உங்க அக்காவ விட்டுடாத."

"இல்லாததச் சொல்லிட்டுப் போய் உக்காந்தா சாப்பாடு எறங்காது."

விருந்துக்கு முந்தின நாள் அக்கா கடையில் வந்து நின்றாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் டொக்கென்று போட்டாள்.

"மறுபடி தலைவலி. சண்டைன்னதும் வேற கடைக்குப் போயிடுவேன்னு நெனச்சியா?"

கண்ணாடியம்மா அவளைப் பின்னறையில் உட்காரவைத்து, சட்டத்தை மாட்டி, விளக்கை அணைத்தாள். வில்லையைப் புரட்டினாள். "இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டாவது."

அதே வில்லை, அதே வரிசை. மறுபடியும் கேட்டாள்.

"மொதல்ல காட்டினது."

"அக்கா, நான் எதையும் மாத்தல. ஒரே கேள்வியத்தான் ரெண்டு தரம் கேட்டேன்."

இருட்டில் அக்கா திருதிருவென்று விழித்தாள். "பின்ன, நீ பாட்டுக்குக் கேட்டுட்டே இருக்க. ஏதாவது சொல்லணுமில்ல?"

"தெரியறதச் சொன்னாப் போதும். இங்க மார்க் எல்லாம் கிடையாது."

மறுபடி புரட்டினாள். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு குட்டி." குரல் உள்ளே போய்விட்டது.

"அதான்க்கா சரி! இத்தன நாளா அதச் சொல்லாமத்தான் தலைவலிய வாங்கிட்டுப் போன."

விளக்கைப் போட்டதும் அக்கா அந்தக் கனத்த சட்டத்தைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். சுவரிலிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை முணுமுணுவென்று படித்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"நானும் உன்ன ஏதாவது சொல்லு, ஏதாவது சொல்லுன்னு நச்சரிச்சேன்ல?"

"ஆமா."

"சொல்லியிருந்தா?"

"உன் தலைவலி போயிருக்கும். எனக்கு வந்திருக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டம் மூக்கிலிருந்து சரிந்தது. "நாளைக்கு சீக்கிரமா வந்து சேருங்க ரெண்டு பேரும். வெங்காயம் உரிக்க ஆள் இல்ல" என்றாள்.

விருந்தில் எல்லோரும் உட்கார்ந்தபின், அத்தானின் பெரியம்மா டிரைவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் சாய்ந்தாள். மெதுவாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. மேசை முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, உன் தங்கச்சி இப்ப என்ன..."

"சந்தோஷமா இருக்கா!" என்றாள் அக்கா, கேள்வி முடியுமுன்னே.