உள்பக்கத்து டயர்

நான்கு தடவை தோற்று, ஐந்தாவது தடவை வாங்கிய பஸ் லைசென்ஸ். மண் சுமக்க வந்த விசாவில் ஓட்டுநர் இருக்கை. இரண்டு கோடையைத் தாண்டியும் வழியில் நின்றுவிடாத கேம்ப் பஸ். இவ்வளவும் அருள்ராஜ் ஜெயித்தவை. முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் அண்ணன் கார்மேகம் இதைச் சொல்லிவிடுவான். ஆனால் விடிகாலையில் பஸ்ஸுக்கு முன்னால் நிற்கும்போது மட்டும், தம்பி யாரோ எவரோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

பின்னே? டிபன் கேரியரோடு அத்தனை பேரும் வேர்த்து நிற்க, இவன் காற்று பார்க்கும் கேஜை வைத்துக்கொண்டு ஆறு டயரையும் சுற்றி வருவான். பின்பக்கத்து ஜோடி டயருக்குள் தலையை நுழைத்தால் வெளியே வர மாட்டான்.

"கார்மேகண்ணே, ஒங்க தம்பி நாடி பாத்தாச்சா? கஷாயமும் உண்டா?"

"நேத்து சாயங்காலமே பாத்துத் தொலைச்சா என்னடா?" என்று கார்மேகம் பல்லைக் கடிப்பான்.

"ஓடி வந்த டயர் சூடா இருக்கும்ணே. காத்து கூடத்தான் காட்டும். ஆறுன பொறவு பாத்தாத்தான் நெசம்."

அந்தச் சனிக்கிழமை சைட்டில் காங்கிரீட் போடும் நாள். அருள்ராஜ் பஸ்ஸுக்கு அடியிலிருந்து எழுந்து, "உள்டயர்ல பாதிக் காத்துதான் இருக்கு. வண்டிய எடுக்க மாட்டேன்" என்றான். எதிரே இருந்த டயர் கடை ஷட்டர் இன்னும் திறக்கவில்லை.

ஒருவன் வெளி டயரை எட்டி உதைத்தான். "கல்லு மாதிரி இருக்கு. ஏறுங்கப்பா!"

"வெளிய உள்ளது சுமந்துக்கிட்டு நிக்கிது. உள்ள உள்ளது செத்துக் கெடக்கு."

கேம்ப் இன்சார்ஜ் ஸ்ரீனிவாசன் வந்தார். "எடுக்கிறியா, சாவியக் கொடுக்கிறியா?"

சாவியைக் கொடுத்துவிட்டான். கார்மேகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். வேலை போயிற்று!

"ஒருநாள் எடுத்தா என்னடா? சாமி பாத்துக்கும்!"

"சாமி காத்தடிக்குமாண்ணே?"

ஸ்ரீனிவாசன் சாவியையும், டயர் சரியாக இருப்பதாகக் கையெழுத்திடும் தாளையும் மாற்று ஓட்டுநர் சுஐபிடம் நீட்டினார். வழக்கமாக ஸ்ரீனிவாசனே கையெழுத்துப் போட்டுவிடுவது. இன்று ஏனோ போடவில்லை. சுஐபு குனிந்து பார்த்தார். "நான் புள்ளகுட்டிக்காரன் சார்" என்று ஒதுங்கிக்கொண்டார். பேனா, டயரை உதைத்தவன் பக்கம் திரும்பியது. அவன் கேரியர் மூடியைச் சரிசெய்யத் தொடங்கினான்.

கடைசியில் ஷட்டரைத் தட்டிக் கடைக்காரரை எழுப்பிக் காற்றடித்தார்கள். அருள்ராஜ் மறுபடியும் அளந்து பார்த்துத் தலையாட்டினான்.

"இனிமே பாக்குறவன்தான் கையெழுத்துப் போடணும். போடு" என்றார் ஸ்ரீனிவாசன்.

அருள்ராஜின் கை நீளவில்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகாதவன். எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. இதுவரை எல்லாம் கைநாட்டுதான்.

"கைநாட்டு இங்க ஆகாது. முடியாதுன்னா சுஐபு ஓட்டட்டும்."

"இம்புட்டு நேரம் வாய் கிழிஞ்சுச்சே, இப்ப என்னடா?" கார்மேகம் பேனாவைப் பிடுங்கினான். தன் உள்ளங்கையில் தம்பியின் பெயரைப் பெரிதாக எழுதி அவன் மூக்குக்கு நேரே நீட்டினான். "வேர்வையில அழியுறதுக்குள்ள பாத்து எழுது!"

பஸ்ஸின் பக்கவாட்டில் தாளை வைத்து, அருள்ராஜ் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து இழுத்தான். 'ள்'ளுக்குப் புள்ளி வைத்தபோது தாளே கிழிந்திருக்கும். பின்னால் ஒருவன், "யால்லா, யால்லா" என்று அவசரப்படுத்தினான். தேதிக்கு மட்டும் அருள்ராஜ் அண்ணன் கையைப் பார்க்கவில்லை. தானாகவே எழுதினான்: 15-7-2006.