கப்பை மறந்த அளவு

ரக்கிரக்கி என்ற சிற்றூரில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் எதையும் அறுக்கும் முன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார். பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து எனக்கொரு சைக்கிள் கட்டிக்கொண்டிருந்தார். தலைநகர் சுவாவிலிருந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. அதன் தண்டோ என் சைக்கிளின் சட்டத்துக்கு அதிக நீளம். திங்களன்று கரும்பு வயல்களை அளக்க நான் கிளம்பாவிட்டால், புதிதாகக் கிடைத்த வேலை போய்விடும்.

முறைப்படி, அந்தத் தண்டு நுழையும் முன்குழாயை அளந்து, தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பாய் தண்டின் மேல் ரம்பத்தை வைத்தார். ஒரு கண்ணை மூடினார். கை அசையவில்லை.

“அறுங்க பாய், அளவு சரிதான்.”

“சரிதான் சார். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, கப்பு ரெண்டும் எங்க உக்காரும்? உங்க மடியிலயா?”

பேரிங் உட்காரும் அந்தக் கப்புகளை நான் அளவில் சேர்க்கவே இல்லை. அறுத்திருந்தால் தண்டு குட்டையாகியிருக்கும்.

“வயலையும் இப்பிடித்தான் அளப்பீங்களா?”

கப்புகளை மாட்டி, ஃபோர்க்கைச் செருகி, ஆணியால் கோடு கீறி அறுத்தார். பிறகு என் தாளில் புகையிலையைச் சுருட்டிப் பற்றவைத்தார்.

அதன்பின் முப்பது ஆண்டுகள் நான் அளந்து கையெழுத்திட்ட வயல்களை யாரும் அப்படி ஒரு கண்ணை மூடிப் பார்த்ததில்லை. இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.