அய்யாவு ஏறிய குதிரை

சிங்கப்பூருக்கு வடக்கே, ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அய்யாவு பதினாறு வருஷம் குதிரைக்காரனாக இருந்தான். துரையின் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது, தேய்த்துவிடுவது, லாயம் கூட்டுவது, துரை தோட்டம் சுற்றக் கிளம்பினால் பின்னாலேயே ஓடுவது, இவ்வளவும் அவன் வேலை. ஏறுவது மட்டும் அதில் சேர்த்தி இல்லை. குதிரைக்காரன் சேணத்தில் உட்கார்ந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்பது துரையின் சட்டம். ஆனால் கூலிகள் குடியிருந்த லயத்தில் அவன் அளந்து வைத்திருந்தது வேறு. துரை சிங்கப்பூர் போகிற நாட்களில் குதிரையைப் பறக்கவிடுவது தான்தானாம். அவன் மனைவி செல்லம் தவிர எல்லாரும் நம்பினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் தோட்டம் பெரிதானது. புதிதாகக் கன்று வைத்த காட்டையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கனகசபைக்குக் குதிரை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. மாட்டு வண்டியில் ஏறினாலே பக்கக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற மனுஷர். செய்தி கேட்ட அன்று அய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது. கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். கனகசபையோ தங்கமானவர்.

அவரே லாயத்துக்கு வந்தார். "எந்தப் பக்கத்தால ஏற வேணும் எண்டுகூட எனக்குத் தெரியாது, அய்யாவு. லாயாங் லாயாங் ஸ்டேசனுக்குப் பக்கத்தில ஒரு துரை சீமைக்குப் போறாராம், ரெண்டு குதிரை விக்கிறார். நீர்தான் வந்து பாத்துச் சொல்ல வேணும்."

"வந்துட்டாப் போச்சுங்கய்யா," என்றான் அய்யாவு, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனார்கள். பங்களா வாசலில் இரண்டும் கட்டியிருந்தன. ஒன்று நாலு வயசுச் செவலை. உடம்பில் முகம் பார்க்கலாம். மற்றது கண் குழிந்த வெள்ளைக் குதிரை, பதினாலு வயசிருக்கும். அய்யாவு பல் பார்த்தான், குளம்பு தூக்கிப் பார்த்தான். கிராணி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் உண்மையான பரீட்சையை வைத்தான். கிடங்கிலிருந்து இரண்டு ரப்பர் பால் வாளிகளை எடுத்து, குதிரைகளுக்குப் பின்னால் நின்று ஒன்றோடொன்று மோதினான். தோட்டத்தில் பால் எடுக்கிறவர்கள் வாளியைத் தடதடவென்று தூக்கிக்கொண்டு எதிரே வருவார்கள்; அதற்கு மிரளும் குதிரை ஏறினவனை வாய்க்காலில் தள்ளிவிடும். கிழடு ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டுப் புல்லை மென்றது. செவலை கயிறு அறுந்துபோகும்படி துள்ளியது.

கிராணியின் வெள்ளைக் கால்சட்டையும் வாய்க்கால் சேறும் அவன் கண்முன் வந்தன. பார்க்க ஆசையாக இருந்தது. கழுத்து முறிந்தால் என்ன செய்வது என்றும் தோன்றியது. தோன்றியதை ஓரமாகத் தள்ளி வைத்தான் பாவி.

"செவலைதாங்கய்யா. உங்க தோரணைக்கு அதான் பொருத்தம்."

கனகசபைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீர் சொன்னாச் சரி. முதல்ல நீர் ஏறி ஒரு சுத்து ஓட்டிக் காட்டும், நான் பாத்துப் பழகிறன். துரை இல்லாத நாளில நீர் பறப்பீராமே!"

"நானுங்களா?"

"வேற ஆர்? எங்கட துரை இங்க இல்லை, பயப்பிடாதையும்."

பங்களா வேலையாள் செவலைக்குச் சேணம் கட்டப் போனான். அது காலை உதைத்தது. அய்யாவு குறுக்கே ஓடினான்.

"ஐயா, வேணாங்க! அது வாளிச் சத்தத்துக்கு மெரளுதுங்க, இப்பத்தான் பார்த்தேன். புதுசா ஏறுறவனத் தூக்கிப் போட்டுரும். அந்தக் கிழடுதான் சரி. அதுல கட்டச் சொல்லுங்க."

"என்னில உமக்கு எவ்வளவு கரிசனை!" என்றார் கனகசபை. அவர் கண் கலங்கியேவிட்டது. அய்யாவு வெட்கத்தில் தரையைப் பார்த்தான்.

வெள்ளைக் குதிரையின் அங்கவடியில் ஒரு காலை வைத்து மூன்று தடவை எம்பி, சேணத்தில் வயிற்றைப் போட்டுப் படுத்து, அப்புறம் ஒருவழியாக நிமிர்ந்தான். அப்படித்தான் ஏற வேண்டும் போலிருக்கிறது என்று கனகசபை கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

குதிரை நடந்தது. பதினாறு வருஷம் வாலைப் பார்த்தே ஓடியவனுக்கு இரண்டு காதுகளுக்கு நடுவே வழி தெரிந்தது. வேலிக்கு அப்பாலிருந்த ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ரயில் பாதை வரை தெரிந்தன. கிராணியின் உச்சி வழுக்கையும் தெரிந்தது. ஒரு சுற்று முடிந்தது.

"சரி, இறங்கும்."

"இருங்கய்யா, பின்னங்கால் இழுக்குதான்னு பார்த்துடுறேன்." இன்னொரு சுற்று போனான். கால் இழுக்கவில்லை.

"மூச்சு வாங்குதான்னும் பார்த்துடலாங்கய்யா." மூன்றாவது சுற்று. மூச்சும் வாங்கவில்லை. அதற்குமேல் அந்தக் குதிரையில் தேட ஒரு கோளாறும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

இறங்கினான். கனகசபை அவனைப் போலவே மூன்று தடவை எம்பி, வயிற்றைப் போட்டுப் படுத்து ஏறினார். அய்யாவு கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். இத்தனை வருஷமும் என்னவென்றே தெரியாத ஒன்றுக்காகத்தான் அவன் வயிறு எரிந்தது. இப்போது என்னவென்று தெரிந்துவிட்டது.